பலகாரம் இல்லாத ஜெபக்கூட்டம்

எங்கள் சபையை மூடப்போகிறார்கள் என்ற செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் ஒரு கல்யாண மண்டபத் தரகர். சேலையூர் கேம்ப் ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "சார், உங்க சர்ச்சு பில்டிங் வாடகைக்கு வருதாமே? எவ்ளோ வண்டி பார்க்கிங் பண்ணலாம்?" என்று கேட்டார். அந்தச் சபையின் செயலர் நான். எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் தெரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

எங்களுடையது தாம்பரத்துத் தாய்ச்சபையின் கிளைச்சபை. அன்று மாலையே ஆயருக்குப் போன் செய்தேன். அவர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சிட்டிருந்தேன் பிரதர். இப்படியே போனா ஈஸ்டருக்கு அப்புறம் உங்க ஆளுங்க எல்லாரும் இங்க வந்துடட்டும். முன்னாடி ரெண்டு பெஞ்சுகூட நிறையாத இடத்துல எத்தனை நாளைக்குப் பிரசங்கம் பண்றது?" என்றார். அந்தக் காலி பெஞ்சுகளைச் சனிக்கிழமைதோறும் துடைப்பவனே நான்தான்.

எங்கள் பிள்ளைகளெல்லாம் கேளம்பாக்கம் பக்கம் அடுக்குமாடிகளில் குடியேறிவிட்டார்கள். அங்கே டிரம்ஸ், கிட்டார், ஏசி உள்ள சபைகள் இருக்கின்றன. என் மகனும் போனான். "டிரம்ஸுக்காகவா போற?" என்று கேட்டேன். "இல்லப்பா, அங்க யாராவது என்கிட்ட பேசறாங்க" என்றான்.

சும்மாவும் இருந்துவிடவில்லை. மூன்று நாள் சுவிசேஷக் கூட்டம் போட்டோம். மூன்று நாளும் மழை. கடைசிவரை பக்தியோடு உட்கார்ந்திருந்தவர்கள் ஸ்பீக்கர் கட்ட வந்த பையன்கள்தான். சாமான்களை எடுக்காமல் அவர்களால் போக முடியாது. அந்தக் கூட்டத்தின் ஒரே பலன், பொருளாளர் ராஜமணி சாரோடு எனக்கு ஏற்பட்ட பேச்சுவார்த்தை முறிவு. பேனரில் அவர் படத்தைவிட என் படம் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. ஆண்டவருடைய படம் எங்கள் இருவர் படத்தையும்விடச் சிறியதாக இருந்ததைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லை.

ஆனால் சபை தேய்ந்ததற்கு மழையையோ டிரம்ஸையோ குற்றம் சொல்ல முடியாது. உள்ளபடி சொன்னால், எங்களைக் கவிழ்த்தது டிபன்.

வியாழக்கிழமைதோறும் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பார்கள், சிலர் உள்ளே வந்து உட்காருவார்கள். சபைக்குப் புதியவர்கள் வந்ததெல்லாம் அந்த வழியாகத்தான். ஆரம்பத்தில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தோம். பிறகு ஒரு வீட்டில் சுண்டல் வந்தது. அடுத்த வீட்டில் போண்டாவும் கேசரியும். அதற்கடுத்த வீட்டில் கட்லெட், சாஸ், பேப்பர் நாப்கின். ராஜமணி சார் வீட்டில் ஆளுக்கொரு சிக்கன் பிரியாணிப் பொட்டலம். அவருக்கு அடுத்த வாரம் எங்கள் முறை. என் மனைவி ஜெசி இரண்டு நாள் தூங்கவில்லை. முடிவில், "அடுத்த வாரம் யார் வீட்டில்?" என்று கேட்டால் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் வீட்டில் பெயிண்டிங், ஒருவர் வீட்டில் பரீட்சை, ஒருவர் வீட்டில் மாமியார். போன மழைக்காலத்தோடு வியாழக்கிழமை செத்துப்போனது. அடக்க ஆராதனைகூட நடத்தவில்லை.

தரகரைப் பார்த்த வாரத்தின் சனிக்கிழமை, ஆலயத்தில் புறா எச்சத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கோபம் வந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஜெபித்தேன். அதை ஜெபம் என்று சொல்லலாமோ என்னவோ. சண்டை. "எவ்வளவு நாளாக ஆள் அனுப்பும், ஆள் அனுப்பும் என்று கேட்கிறேன்? படித்தவர்களாக, காணிக்கை போடுகிறவர்களாக, முடிந்தால் நன்றாகப் பாடத் தெரிந்தவர்களாக என்று கேட்டதெல்லாம் வேண்டாம். யாரையாவது அனுப்பும். இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடும், சாவியைக் கொடுத்துவிட்டு நானும் போகிறேன்" என்றேன். அழுகையும் வந்தது. புறாக்கள்தான் பார்த்தன.

அடுத்த செவ்வாய் காலை வாசலில் மீன் கூடையோடு மஞ்சுளாம்மா. கோவளம் பக்கத்துக் கடலோரக் கிராமத்தில் பிறந்தவர். இப்போது ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறார். பல வருடமாக எங்கள் தெருவில் மீன் விற்கிறார். சங்கரா மீனை எடை போட்டபடியே கேட்டார்.

"இன்னா சார், இப்பல்லாம் உங்க வூட்டாண்ட பாட்டு சத்தமே காணோம்?"

"நிறுத்திட்டோம்மா."

"ஏன் சார்? யாருக்குனா ஒடம்பு சரியில்லியா?"

என்ன சொல்வது? கட்லெட் என்றா? "முன்னல்லாம் சாயங்காலம் வியாபாரம் முடிச்சிகினு போகச்சொல்லோ, உங்க காம்பவுண்டு ஓரமா குந்திகினு கேப்பேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் தட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். உள்ளே வாருங்கள் என்று ஒருவரும் கூப்பிடவில்லை.

மீனைப் பையில் போட்டபின் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எம் பொண்ணு செல்வி கீதே, அவ புருசன் மறைமலை நகர்ல ஷிப்ட் முடிச்சிகினு வரச்சொல்லோ வண்டில அடிபட்டுப் பூட்டான். அன்னிலேர்ந்து அது பேசறதில்ல சார். வூட்ட வுட்டு வெளிய வரதில்ல. செவுத்தப் பாத்துகினே படுத்துங்கீது. எங்க வூட்டுக்கு வந்து ஒரு பாட்டு பாடுவீங்களா? ஆனா பலகாரமெல்லாம் என்னால முடியாது சார், இப்பவே சொல்லிட்டேன்."

உள்ளேயிருந்து ஜெசி சொன்னாள்: "வியாழக்கிழமை வர்றோம் மஞ்சுளா. ஒண்ணுமே வைக்கக்கூடாது, தண்ணி மட்டும் போதும்." அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதியை நான் கேட்டு நெடுநாளாயிற்று.

வியாழக்கிழமை போனது நாங்கள் இருவர் மட்டும்தான். சபையில் மற்றவர்களைக் கூப்பிட்டேன். "அந்தச் சந்துக்கா?" என்றார்கள். ஒற்றை அறை. நடுவில் ஒரு புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் செல்வி படுத்திருந்தாள். எங்கள் சபையில் சுருதியோடு பாடத் தெரிந்த எல்லோரும் கேளம்பாக்கத்தில் இருக்கிறார்கள், எஞ்சியது நான். ஜெசி ஒரு சுருதியில் போனாள், நான் வேறொன்றில். இரண்டாவது சரணத்தில் எனக்கு வார்த்தை மறந்துபோய் ராகத்தை மட்டும் இழுத்தேன். அதுவும் வேறு பாட்டின் ராகம்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னாமா இது, இவ்ளோ கேவலமா பாடறாரு?"

மஞ்சுளாம்மா எழுந்து ஓடினார். புடவைத் திரை கயிற்றோடு அறுந்து விழுந்தது. "பேசிடுச்சி சார்! எம் பொண்ணு பேசிடுச்சி!" என்று மகளைக் கட்டிக்கொண்டு கதறினார். ஜெசியும் அழுதாள். எனக்கு ஒரே சமயத்தில் அவமானமும் ஆனந்தமும். ஆண்டவர் என்னை உபயோகப்படுத்த வேண்டும் என்று பல வருடம் ஜெபித்திருக்கிறேன். இந்த விதத்தில் உபயோகப்படுத்துவார் என்று நினைக்கவில்லை.

அடுத்த வாரமும் போனோம். சந்திலிருந்து இன்னும் சில பெண்கள் வந்தார்கள். பிரசங்கம் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. சுவிசேஷத்தில் ஒரு பகுதியை வாசிப்போம், அதன்படி இந்த வாரம் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்வோம், செய்தோமா என்று அடுத்த வாரம் சொல்வோம் என்று முடிவு செய்தோம். எனக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத ஏற்பாடு இது. அதுவரை நான் கேட்ட பிரசங்கங்களின்படி செய்தாயா என்று என்னை யாரும் கேட்டதில்லை. மஞ்சுளாம்மா கேட்டார்.

"இன்னா சார், பேசாதவங்ககிட்ட போய்ப் பேசறேன்னியே, பேசினியா?"

"இல்லம்மா. நீங்க?"

"நானும் இல்ல சார். எதிர்வூட்டுக்காரியப் பாத்தா வாய் சும்மா இருக்கமாட்டேங்குது."

மூன்றாவது முறை இதே பதிலைச் சொல்ல வெட்கப்பட்டு ராஜமணி சார் வீட்டுக்குப் போனேன். பேனரைப் பற்றி அவர் அரைமணி நேரம் பேசினார். கேட்டுக்கொண்டேன். பிறகு, "எங்கேயோ சந்துக்குப் போறீங்களாமே, நானும் வரட்டுமா?" என்றார். வந்தார். தரையில் உட்கார முடியாமல் உட்கார்ந்தார். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் நெருப்பு மூட்டிச் சீடர்களுக்கு மீன் சுட்டு வைத்த பகுதியை அன்று வாசித்தோம். "அவரே சுட்டாரா? சாமி சுட்டாரா?" என்று மஞ்சுளாம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, "அப்படின்னா எங்க பொழப்பு அவருக்குத் தெரியும்" என்றார். நானும் பள்ளிக்கூட நாளிலிருந்து அந்தப் பகுதியை வாசிக்கிறேன். மீனைக் கவனித்ததே இல்லை.

குருத்தோலை ஞாயிறு வந்தது. அறிவிப்புச் செய்ய ஆயரே வந்திருந்தார். அன்று மஞ்சுளாம்மாவும் சந்துப் பெண்களும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் நடுவில் செல்வி. கணவன் போனபின் அவள் தெருவைத் தாண்டி வந்தது அன்றுதான். வந்த முதல் நாளிலேயே கதவைச் சாத்தப்போகும் செய்தியையா இவர்கள் கேட்க வேண்டும்?

ஆயர் நிதானமாகச் சொன்னார். "ஈஸ்டருக்கு அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் தாம்பரத்துக்கு வந்துடுங்க. பஸ் வசதி இருக்கு." ஒருவரும் பேசவில்லை. எங்கள் சபையார் அப்படித்தான். வெளியே போய்ப் பேசுவார்கள்.

செல்வி எழுந்தாள். சபையில் யாரும் இப்படி எழக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாது.

"சார், இப்பதான் வூட்ட வுட்டு வெளிய வந்துகீறேன். அதுக்குள்ள அவ்ளோ தூரம் போவ சொன்னா எப்படி சார்?"

ஆயர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். யார் இந்தப் பெண் என்று கண்ணாலேயே என்னைக் கேட்டார். ராஜமணி சார்தான் எழுந்து, சந்தில் நடந்ததையெல்லாம் சொன்னார். பேனரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் சொன்னார். ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா. நீ தூரம் போக வேண்டாம். நாங்களே இங்க வர்றோம்" என்றார்.

சபை மூடப்படவில்லை. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சாட்சி சொன்னால் அது பொய்ச்சாட்சி. மழை வந்தால் இன்னும் கூரை ஒழுகுகிறது. சந்துப் பெண்கள் பக்கத்தில் உட்காராமல் நகர்ந்து உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. வியாழக்கிழமைக்கு ஒரு தலைவரும் துணைத்தலைவரும் போடலாம் என்று கமிட்டியில் யோசனை வந்திருக்கிறது, தடுக்கப் போராடிக்கொண்டிருக்கிறேன். ஞானஸ்நானம் பற்றிச் செல்வி கேட்டிருக்கிறாள். அவசரமில்லை, யோசித்து வா என்று சொல்லியிருக்கிறோம்.

சபை தேய்கிறதே என்று வெந்துகொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, ஆண்டவரிடம் கேளுங்கள். மரியாதையாகக் கேட்க முடியாவிட்டால் எரிச்சலோடாவது கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, நான் பார்த்துவிட்டேன். போன ஞாயிறு நான் போவதற்குத் தாமதமாகிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஆலயக் கதவு திறந்திருந்தது. ராஜமணி சாரிடம் சாவியை வாங்கித் திறந்துவிட்டு, வாசலில் நின்று வருகிறவர்களை, "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று செல்வி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.