கதவோரக் கடைசி பெஞ்ச்

சமீபத்தில் சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளிக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டு நூர்ஜகான்தான், "கூட வாங்கண்ணே, தனியாப் போனா பேசவே விட மாட்றாங்க" என்று கூப்பிட்டார். கணவர் குவைத்தில்.

இரண்டு பிள்ளைகள். ஒன்பதாவது படிக்கும் அஷ்ரஃபுக்குக் காது சரியாகக் கேட்காது. மெஷின் வைத்திருந்தாலும் வாத்தியாரின் வாயசைவைப் பார்த்தால்தான் பாடம் புரியும். ஏழாவது படிக்கும் சஃபியாவுக்கு நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான்.

பள்ளி வாசலில் பளபளவென்று நீல போர்டு. அதில் சக்கர நாற்காலிப் படம். படத்தில் இருப்பவர் யார் தயவும் இல்லாமல் தானே போய்க்கொண்டிருந்தார்... கொடுத்து வைத்தவர்!

அஷ்ரஃப் சயின்ஸில் ஃபெயில். "பையனுக்குக் கவனம் பத்தலம்மா" என்றார் பிரின்சிபால்.

"கடைசி பெஞ்ச்ல உக்கார வெச்சா எப்படி சார் கவனிப்பான்?"

"கதவுப் பக்கமா இருந்தாத்தானேம்மா, தங்கச்சி கூப்பிட்டா உடனே போக முடியும்?"

விஷயம் இதுதான். சஃபியா லேபுக்குப் போக வேண்டுமா? அஷ்ரஃப். பாத்ரூமுக்கா? அஷ்ரஃப். பாடத்தின் நடுவே எழுந்து ஓட வேண்டும். இதற்குப் பள்ளி வைத்திருக்கும் பெயர் — 'ஃபேமிலி சப்போர்ட் சிஸ்டம்'! சம்பளம் இல்லாத ஊழியன். ஃபீஸ் வேறு கட்டுகிறான். என்ன ஒரு நிர்வாகத் திறமை!

"பொண்ணுங்க பாத்ரூம் வாசல்ல நிக்கிறான்னு பசங்க கேலி பண்றாங்க சார். அண்ணனை ஓட விடக் கூடாதுன்னு அந்தப் புள்ள தண்ணியே குடிக்கிறதில்ல." என்றார் நூர்ஜகான்.

"ஒரு ஆயா போட்டா, அப்புறம் எல்லாரும் கேப்பாங்களேம்மா..."

"அப்ப நாளையிலேர்ந்து நானே வந்து உக்காந்துக்கறேன் சார்."

சொன்னபடியே வந்து உட்கார்ந்தார். வராண்டாவில், ஆபீஸ் வாசலுக்கு நேர் எதிரே. அட்மிஷன் சீசன். வந்த பெற்றோரெல்லாம் "என்னம்மா இங்க உக்காந்திருக்கீங்க?" என்று விசாரிக்க, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறார். புவனகிரியிலிருந்து வந்த ஒரு குடும்பம் அப்படியே திரும்பிப் போய்விட்டதாம்.

அந்த வாரமே ஆயாம்மா வந்துவிட்டார். மனசாட்சி உறுத்தியிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? அட்மிஷன் உறுத்தியது!

சஃபியா இப்போது பாட்டில் தண்ணீரை மிச்சம் வைப்பதில்லை. அஷ்ரஃப் முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டான்.

நேற்று அவன் முகத்துக்கு நேரே நின்று கேட்டேன். "என்னடா, சயின்ஸ் சார் நடத்துறது இப்பப் புரியுதா?"

"நல்லாப் புரியுது மாமா" என்றான். "இத்தினி நாளா நான் ஒண்ணும் ஜாஸ்தி மிஸ் பண்ணல."