என் கையால் விழுந்த இரண்டு ஓட்டுகள்

தேர்தல் வந்திருப்பதே எனக்குத் தெரியாது. ஒலிபெருக்கி கட்டிய ஜீப் இல்லை, கொடி இல்லை, பட்டாசு இல்லை, ஆரத்தித் தட்டோடு நிற்கும் பெண்கள் இல்லை. ஒருநாள் மழையில் ஒருவர் தனியாக வந்து கதவைத் தட்டினார். கோட்டில் கட்சி நிறத்தில் ஒரு துணிப்பூ, கையில் நனைந்த துண்டறிக்கைகள். நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்திருப்பதாகச் சொன்னார். நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர் தூங்குகிறார் என்றேன். அப்படியானால் உங்களுக்கு ஓட்டு உண்டா என்று கேட்டார். அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று காட்டத்தான் "நான் இந்தியா" என்றேன். அவர் முகம் மலர்ந்து, அப்படியென்றால் நிச்சயம் உண்டு, உடனே பதிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். என்னை வைத்து விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

விளையாட்டில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவோடு பிரிட்டனில் குடியிருந்தால் ஓட்டுப் போடலாம். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் நம்ப மாட்டீர்கள். இங்கே இருக்கிற நம்மவர்களிலேயே பலருக்குத் தெரியாது. வேல்ஸில் ஒரு மலைப் பள்ளத்தாக்கில், கண் தெரியாத முதியவர் ஒருவரைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, சாப்பிட வைக்கும் வேலைக்கு வந்து சில மாதமே ஆன எனக்கு, இந்த நாட்டை யார் ஆள்வது என்று சொல்லும் உரிமை இருந்தது. என் மகளை அழைத்து வரும் உரிமை மட்டும் இல்லை. பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கொண்டுவரக் கூடாது என்று, என் விண்ணப்பம் போவதற்குச் சற்று முன்னால் விதி வந்துவிட்டது. மகள் குன்னூர் பக்கம் ஜெகதளாவில் அவள் அப்பாவோடு இருக்கிறாள். ஆட்சி மாறினால் விதி மாறும் என்று இங்கே வேலை செய்யும் நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். அந்த நப்பாசையில்தான் என் பெயரைப் பதிந்தேன்.

பதிந்த அன்று அப்பாவை நினைத்து அழுதேன். அவர் சிலோனில் பிறந்து, அங்கேயே தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்து, அந்த நாட்டில் ஓட்டு என்பதையே காணாமல் கப்பலேறியவர். நீலகிரிக்கு வந்த பிறகும் ரேஷன் கார்டுக்கு ஒரு அலைச்சல், வாக்காளர் பட்டியலில் பெயர் ஏற இன்னொரு அலைச்சல். கடைசியில் பெயர் ஏறியபோது, முதல் ஓட்டுக்கு வெள்ளை வேட்டி உடுத்திப் போனாராம். எனக்கோ கைப்பேசியில், அடுப்பில் கஞ்சி கொதித்து முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

நான் பார்த்துக்கொண்ட முதியவரின் பெயர் ஹியூ. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராமல் ‘சார்’ என்பேன். சுரங்க முதலாளியைத்தான் அப்படிக் கூப்பிடுவோம், என்னைக் கூப்பிடாதே என்று கோபிப்பார். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். மனைவி இல்லை. ஒரே மகள் கார்டிஃபில் இருந்து மாதம் ஒருமுறை வருவாள். பார்வை போன பிறகு அவருக்குப் பேச்சுதான் பொழுதுபோக்கு, அதிலும் தொகுதிக் கதை. அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் நிலச்சுவான்தார் குடும்பத்துக்கே அந்தத் தொகுதி சொந்தம். தகப்பன் போனால் மகன், எதிர்த்து நிற்க ஆளில்லை. அப்புறம் சேப்பல் என்னும் சிறு தேவாலயங்களில் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்களின் கட்சி வந்தது. அப்புறம் சுரங்கக்காரர்களின் கட்சி. அதன் பிறகு அவர் அறிந்தவரை மாற்றமே இல்லை. எங்கள் ஊரில் ஓட்டை எண்ண மாட்டார்கள், தராசில் போட்டு நிறுப்பார்கள் என்று சிரிப்பார்.

சிரிப்பு அதோடு சரி. சுரங்கம் மூடியது, ரயில் நின்றது, ஆஸ்பத்திரி போனது. ஜெயித்தவர்கள் லண்டனுக்குப் போனார்கள், நன்றி சொல்லக் கூடத் திரும்பவில்லை என்பார். போதாக்குறைக்கு, எல்லை திருத்துகிறோம் என்று தொகுதியையே பக்கத்துத் தொகுதியோடு சேர்த்துப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதுதான் பெரிய அடி. பெயரைக் கூட விட்டுவைக்கவில்லை என்று நாள் முழுக்கப் புலம்பினார். எங்கள் நீலகிரித் தொகுதியும் மலையோடு நிற்காது, கீழே அவிநாசி வரைக்கும் இறங்கும். மலைக்காரர்களின் குறை சமவெளிக் கூட்டத்தில் கேட்காமல் போகும் என்று சொன்னேன். "அப்படியென்றால் உனக்குப் புரியும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

புரிந்தது. ஆனால் அடுத்து அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. இந்த முறை புதிய கட்சிக்குப் போடப் போகிறேன் என்றார். வந்தேறிகளைத் திருப்பி அனுப்புவோம் என்று துண்டறிக்கை அடித்த கட்சி. அதை அவருக்கு வாசித்துக் காட்டியவளே நான்தான்.

"என்னையும் அனுப்பிவிடுவார்களே" என்றேன்.

"உன்னைச் சொல்லவில்லை. பழைய கட்சிக்கு ஒருமுறையாவது வலிக்க வேண்டும்."

"வலி எனக்குத்தானே வரும்?"

அவர் டீ கேட்டார்.

தேர்தலன்று சக்கர நாற்காலியில் அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். சேப்பலின் பின்கூடம்தான் வாக்குச்சாவடி. வாசலில் யாருடைய நாயோ கட்டிக் கிடந்தது. போலீஸ் இல்லை, வரிசை இல்லை, விரலில் மை இல்லை. பார்வையில்லாதவருக்குத் துணையாள் ஒருவர் குறி போட்டுக் கொடுக்கலாம். அதற்கு நான் கையெழுத்துப் போட்டேன். மறைப்புக்குள் போனதும் வேட்பாளர் பெயர்களை மெதுவாக வாசித்தேன். "மூன்றாவது" என்றார். நூலில் கட்டிய பென்சில் என் கையில் இருந்தது. முதல் பெயர் பழைய கட்சி; நாட்டில் எதிர்க்கட்சியாக இருந்த அது ஆட்சிக்கு வந்தால் விதி மாறும் என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம். என் மகள் வருவாளா மாட்டாளா என்பது அந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. அவருடைய கண்கள் எங்கோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கண்புரை முற்றிய வயதில் அப்பாவும் இப்படித்தான் ஓட்டுப் போடப் போனார். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பூத். நான் அப்போது ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி முடித்துத் தூங்கிவிட்டேன். எங்கள் லயத்து வீடுகளுக்கு பூத் ஸ்லிப் கொடுக்க வந்த மேஸ்திரி துணைக்கு வருகிறேன் என்று கூட்டிப்போய், அப்பா சொன்ன சின்னத்தை விட்டுத் தன் கட்சிச் சின்னத்தில் அமுக்கிவிட்டார். வெளியே வந்து எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தார். அப்பா அன்று சாப்பிடவில்லை. "சிலோன்ல ஓட்டு இல்லேன்னாங்க, சரின்னு கெடந்தேன். இங்க இருக்குன்னு குடுத்துப்புட்டு, என் கண்ணு போனதும் புடுங்கிக்கிட்டானே" என்றார். அடுத்த தேர்தலுக்கு அவர் இல்லை. அந்த மேஸ்திரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரியும்.

மூன்றாவது கட்டத்தில் குறி போட்டேன். மடித்துக் கொடுத்தேன், அவரே பெட்டியில் போட்டார். பிறகு என் அடையாள அட்டையைக் காட்டி என் வாக்குச்சீட்டை வாங்கி, முதல் கட்டத்தில் என் குறியைப் போட்டேன். ஒரே பென்சில், ஒரே கை. ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இரண்டு ஓட்டுகள்.

திரும்பும் வழியில் மேட்டில் நாற்காலியைத் தள்ள மூச்சு வாங்கியது. சொன்ன இடத்தில்தானே போட்டாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் பேசினார்.

"தெரியும். அதனால்தான் என் மகளைக் கேட்கவில்லை. அவள் மாற்றிப் போட்டிருப்பாள்."

என்னை அவர் அவ்வளவு நம்பினார் என்பதில் பெருமை வந்தது, பொய் சொல்லவில்லை. பெற்ற மகளை விட நம்பியவர், என்னை விரட்டும் வேலையையும் என்னிடமே கொடுத்தார் என்று நினைத்தபோது, நாற்காலியை நடுவழியில் விட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் போலவும் இருந்தது. விடவில்லை. போர்வையைச் சரிசெய்துவிட்டுத் தள்ளினேன்.

கைப்பேசியில் கணவரிடம் சொன்னேன். "மாத்திக் குத்திப்போட்டு வந்திருக்கலாமுல்ல புள்ள? அந்தப் பெரியவருக்குக் கண்ணா தெரியுது?" என்றார். "எங்கப்பாவுக்குச் செஞ்சத நானே எப்படீங்க இன்னொருத்தருக்குச் செய்யறது?" என்றேன். நம் புள்ளைக்காகக் கூடவா என்று அவர் கேட்டார்.

தொகுதியில் பழைய கட்சியே ஜெயித்தது. புதிய கட்சி இரண்டாவதாக வந்ததில் ஹியூ அன்று முழுக்கக் குஷியாக இருந்தார். லண்டனிலும் ஆட்சி மாறி அதே பழைய கட்சி வந்தது. விதி மாறவில்லை. என் ஓட்டை வாங்கியவர்கள் வந்து, இன்னும் இறுக்கத்தான் செய்தார்கள். நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு இன்னும் பல வருடம் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

போன மழைக்காலத்தில் ஊரில் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வீடு வீடாக வந்தார்கள்; ஊரில் இல்லாதவர்கள் பெயரை எடுத்துவிடுவார்களாம். ஜெகதளாவில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் பால்வாடி டீச்சர், என்னைத் தெரிந்தவர். கணவர் ஃபேக்டரிக்குப் போயிருந்தார். மகள் வீடியோவில் என்னை அழைத்து டீச்சர் கையில் கொடுத்தாள். டீச்சருக்கு என்மேல் பரிதாபம். "ஏனுங்க, வந்துருவீங்களா, இல்ல அங்கயேதானுங்களா? எதுன்னு சொன்னீங்கன்னா எழுதிக்கறனுங்க" என்றார். அங்கேயேதான் என்று சொல்ல இந்த நாடு என்னை விடவில்லை. வந்துவிடுவேன் என்று சொல்ல, இங்கே வருவதற்கு வாங்கிய கடன் விடவில்லை. பக்கத்து அறையில் ஹியூ குளிருகிறது என்று கூப்பிட்டார். இதோ வருகிறேன் என்று அவருக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் மகள் சொல்லிவிட்டாள்.

"அம்மா இங்க இல்லீங்க டீச்சர். அப்படியே எழுதிக்கோங்க."

டீச்சர் கைப்பேசியை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார் போலிருக்கிறது. திரை இருண்டுவிட்டது. என் வீட்டுக்குள் பேனா ஓடும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.