யாருக்கென்று சொல்லாத அழைப்பு

சாதித்த பெண்களைப் பற்றித் தடிமனாக ஒரு புத்தகம் வந்திருக்கிறது. மந்திரியானவர்கள், நோய்க்கு மருந்து கண்டுபிடித்தவர்கள், விமானம் ஓட்டியவர்கள் என்று வரிசையாகப் படத்தோடு போட்டிருக்கிறார்கள். எங்கள் கேப்டனுக்கும் அதில் அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் விமானம் ஓட்டிய முதல் பெண் என்று தொடங்கி, "குடும்பக் காரணங்களால் பணியிலிருந்து விலகினார்" என்று முடித்துவிட்டார்கள். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆண் வேலையை விட்டால் ஆயிரம் காரணம் எழுதுவார்கள்; பெண் விட்டால் எப்போதும் இந்த ஒரே காரணம்தான். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த வரி முழுப் பொய்யும் இல்லை.

நான் அந்த விமானத்தின் நர்ஸ். அவர் முன்னால் உட்கார்ந்து ஓட்டுவார், நான் பின்னால் நோயாளியின் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பேன். இரண்டு என்ஜின் வைத்த சின்ன விமானம். நாங்கள் 'வண்டி' என்றுதான் சொல்வோம். கடலோரத்திலும் தீவுகளிலும் இருக்கிற சிறிய ஊர்களில் யாருக்காவது உயிருக்கு ஆபத்து என்றால் பறந்து போய்த் தூக்கி வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். எங்களுக்கு இருந்தது ஒரு தகரக் கொட்டகை, அதை ஒட்டி ஓர் அறை, ஸ்பிரிங் வெளியே வந்த ஒரு சோபா, ஒரு மின்சாரக் கெட்டில். ஜன்னலைத் திறந்தால் ஓடுதளமும் காற்றின் திசை காட்டும் துணிக்குழாயும் தெரியும்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே பெண்களுக்குக் கழிப்பறைகூடக் கிடையாது என்று சொல்வார். ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிற ஆட்கள் அவரைப் பார்த்துவிட்டு, "பைலட் எப்பம்மா வருவாரு?" என்று கேட்பார்கள். "வந்துக்கிட்டே இருக்காரு, நீங்க கண்ணை மூடிப் படுங்க" என்று சொல்லிவிட்டு ஏறி ஓட்டிக்கொண்டு போய்விடுவார். இறங்கிய பிறகும் சிலர் நம்ப மாட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "என்னைக் கட்டிக்கிறவன் தரையில நின்னு அண்ணாந்து பாத்தே கழுத்து சுளுக்கிப்பான்" என்பார்.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. அழைப்பு வந்தால், நோயாளி யார் என்று விமானிக்குச் சொல்லக் கூடாது. பெயர், வயது, என்ன நோய், குழந்தையா பெரியவரா, ஒன்றும் கிடையாது. எங்கிருந்து எங்கே, எவ்வளவு அவசரம், அவ்வளவுதான். விமானி வானத்தை மட்டும் பார்த்து முடியும் அல்லது முடியாது என்று சொல்ல வேண்டும். முடியும் என்று சொன்ன பிறகுதான் எனக்கே நோயாளியின் விவரம் வரும். நாங்கள் சேர்வதற்கு முன்பு ஒரு விமானி, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டுவிட்டு, மனசு கேட்காமல் கொட்டுகிற மழையில் கிளம்பி மலையில் மோதிவிட்டாராம். குழந்தையும் பிழைக்கவில்லை, போனவர்களும் திரும்பவில்லை. குழந்தை என்று கேட்டால் யார் மனசும் ஆடத்தானே செய்யும்? ஆடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கட்டுப்பாடு.

அழைப்புகளை வாங்குகிறவரைப் போன்கார அக்கா என்போம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய அறை. ஊர்க்கதை முழுவதும் பேசுகிற வாய் அது. ஆனால் வேலை என்று வந்துவிட்டால் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கும். சாகக் கிடக்கிறவருக்கும் சுளுக்கு விழுந்தவருக்கும் அவர் குரல் ஒன்றுதான். கேப்டனும் அப்படியே. முடியாது என்று சொன்ன அழைப்பைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டார். "தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்றது, நர்ஸம்மா? தூக்கம்தான் கெடும்" என்பார்.

கேப்டனுக்கு ஓர் அக்கா. சின்னத் துறைமுக ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அக்காவின் கணவர் அங்கே ஐஸ் கட்டி செய்கிற சின்ன ஆலை வைத்திருந்தார். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று இவர் சொன்னபோது வீடே கூடி ஒப்பாரி வைத்ததாம். அப்போது புது மாப்பிள்ளையான அவர் ஒருவர்தான், "ஓட்டட்டுமே, நமக்கு டிக்கெட் மிச்சம்" என்று சிரித்துக்கொண்டே பைக்கில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தவர். அந்த ஊர் மேல் பறந்தால் கேப்டன் வண்டியை இந்தப் பக்கம் ஒரு சாய், அந்தப் பக்கம் ஒரு சாய் சாய்ப்பார். கீழே ஐஸ் ஆலை வாசலில் ஓர் உருவம் துண்டை வீசிக்கொண்டு குதிக்கும். "எங்க மாமாவுக்கு இன்னும் கல்யாண வயசு தாண்டல" என்று சொல்லிச் சிரிப்பார். ஸ்ட்ரெச்சரில் ஆள் இருந்தால் மட்டும் சாய்க்க மாட்டார்.

அன்று விடிந்ததிலிருந்தே கடல் பனி இறங்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே துணிக்குழாய்கூடத் தெரியவில்லை. காலை டீ போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கேப்டன் ஸ்பீக்கரில் போட்டார்.

"துறைமுக ஊர்ல இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு. உடனே" என்றார் போன்கார அக்கா. எப்போதும் போன்ற அதே குரல்.

கேப்டன் அந்த ஊர் ஓடுதளத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். தரையோடு தரையாகப் பனி, பத்தடி தள்ளி நிற்கிற ஆளே தெரியவில்லை என்றார்கள். அங்கே கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும், வழிகாட்டுகிற கருவி எதுவும் கிடையாது. கேப்டன் திரும்பப் போனை எடுத்து, "முடியாது. பனி விலகினா நானே கூப்பிடுறேன்" என்றார். "சரி" என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். நாங்கள் டீ குடித்தோம்.

டீ ஆறுவதற்குள் போன்கார அக்கா முற்றத்தைக் கடந்து வந்தார். வேலை நேரத்தில் தன் நாற்காலியை விட்டு அவர் எழுந்து வந்து நான் பார்த்ததே இல்லை. கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"கேப்டன், அது உங்க அக்கா வீட்டுக்காரர். நெஞ்சு வலி. வேன்ல ஏத்தி ரோட்டு வழியா அனுப்பிட்டாங்க. இப்ப சொல்லலாம்னு வந்தேன்."

கேப்டன் தம்ளரைக் கீழே வைத்தார். "எப்படி இருக்காராம்?"

"தெரியல. உங்க அக்காவே டாக்டர்கிட்ட போனை வாங்கி என்கிட்ட பேசினாங்க. பைலட் என் தங்கச்சிதான், நான்னு சொல்லுங்க, அவ பறந்து வந்துடுவான்னாங்க." போன்கார அக்காவின் வாய் கோணியது. "நான் சொல்லல, கேப்டன்."

"சொல்லக் கூடாதுதானே" என்றார் கேப்டன். அதன் பிறகு ஜன்னலை விட்டு நகரவில்லை. பனி விலகினால் வழியில் இருக்கிற ஓடுதளம் எதிலாவது இறங்கி அவரை ஏற்றிக்கொள்ளலாம் என்று நானும் ஸ்ட்ரெச்சரையும் ஆக்சிஜனையும் தயாராக வைத்தேன். மலையைச் சுற்றிக்கொண்டு போகிற ரோடு அது. வேன் பாதி தூரம்கூடப் போகவில்லை. மாமா வழியிலேயே போய்விட்டார்.

மத்தியானம் வெயில் பளிச்சென்று அடித்தது. அந்த வெயிலை நான் சபித்தேன். காலையில் வந்திருக்கக் கூடாதா அது?

அடக்கத்துக்கு நானும் கேப்டனோடு போனேன். தலைக்கு மேல் ஒரு மேகம் கிடையாது. வாசலில் நின்ற ஆட்கள் வானத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். "இந்த வானத்துலயா வர முடியாதுன்னாங்க?" என்று வெளியூரிலிருந்து வந்த ஒருவர் காதில் விழும்படியே சொன்னார். உலைவாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கேப்டன் உள்ளே போய் அக்காவின் கையைப் பிடித்தார். அக்கா கையை உருவிக்கொண்டார்.

"நான்னு சொல்லச் சொன்னேனே. சொல்லியும் முடியாதுன்னுட்டியாமே" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

'எனக்குத் தெரியாது' என்ற ஒரு வார்த்தை போதும். அதைக் கேப்டன் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தேன். என் கையை அழுத்தி நிறுத்திவிட்டார். திரும்பி வரும்போது காரில் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் சொல்லல? இந்தப் பழியை எதுக்குச் சுமக்குறீங்க?"

"தெரியாதுன்னு சொன்னா, 'தெரிஞ்சிருந்தா?'ன்னு அடுத்த கேள்வி கேப்பா, நர்ஸம்மா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

அதற்குப் பிறகு அவர் போன் போட்டால் அக்கா எடுப்பதில்லை. நேரில் போனால் கதவு திறக்காது. அந்த ஊர் மேல் பறக்கும்போது வண்டி நேராகவே போகும்.

ஆனால் என்னைப் பயமுறுத்தியது வேறு. முன்பெல்லாம் அழைப்பு வந்தால் வானத்தைப் பார்ப்பார், பதில் சொல்வார். இப்போது போனையே பார்த்துக்கொண்டிருப்பார். போன்கார அக்காவின் குரலில் ஏதாவது தட்டுப்படுகிறதா, மூச்சு வாங்குகிறதா, இழுக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். பாவம், போன்கார அக்கா எழுதி வைத்ததை வாசிக்கிற மாதிரிப் பேசிப் பார்த்தார். அதுவும் உதவவில்லை. ஒவ்வொரு அழைப்பும் இப்போது அவருக்கு வேண்டிய யாரோ ஒருவரின் அழைப்பாகிவிட்டது.

ஒருநாள் அந்தத் துறைமுக ஊரிலிருந்தே அழைப்பு வந்தது. பக்கவாட்டுக் காற்று. துணிக்குழாய் விறைத்துக்கொண்டு நின்றது. முடியாது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் என் பையைக்கூட எடுக்கவில்லை. "முடியும்" என்றார். இறங்கும்போது வண்டி ஒரு பக்கமாகத் தூக்கி அடித்தது. ஒரு சக்கரம் தரையில், ஒரு சக்கரம் காற்றில். கொண்டுவந்த ஸ்ட்ரெச்சரில் இடுப்பெலும்பு முறிந்த ஒரு முன்பின் தெரியாத பெரியவர். அக்காவோ என்று கேப்டன் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் சீட்டில் போய் உட்கார்ந்தார். காற்று தணிகிற வரைக்கும் வண்டியைக் கிளப்பவே இல்லை. அவர் ஓட்டுகிற வண்டியில் உட்கார அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயந்தேன். அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

போன்கார அக்காவுக்கும் தாங்கவில்லை. லீவு போட்டு, பஸ் பிடித்து, கேப்டனின் அக்கா வீட்டுக்கே போய்விட்டார். "உங்க தங்கச்சிக்குத் தெரியாதும்மா. நான்தான் சொல்லல. திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க" என்று வாசலில் நின்றே சொன்னாராம். அக்கா திட்டவில்லையாம். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாராம்.

அடுத்த வாரம் கேப்டனின் அக்கா எங்கள் அறைக்கு வந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன். "நீங்க இருங்க" என்றார் கேப்டன்.

"உனக்குத் தெரியாதாமேடி."

"தெரியாதுக்கா."

"இத்தனை மாசமா உன்னைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தேனே. வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

கேப்டன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கேட்டே விட்டார்.

"தெரிஞ்சிருந்தா?"

கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது. கேப்டன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"வந்திருப்பேன்க்கா."

"அந்தப் பனியிலயா?"

"அந்தப் பனியிலதான்."

அக்கா அவரை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதார். "போதும்டி. அவருக்காக நீ வந்திருப்பேன்னு சொன்னியே, எனக்கு அது போதும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. சாயங்காலம் பஸ் ஏறும்போது அக்காவின் முகம் தெளிந்திருந்தது. வீட்டுக்கு வரச் சொல்லி நாளும் குறித்துவிட்டுப் போனார். அப்பாடா, ஒரு வழியாக விடிந்தது என்று நான் கெட்டிலை மறுபடியும் போட்டேன்.

கேப்டன் உட்காரவில்லை. ஹெட்செட்டை எடுத்துத் துடைத்து மேஜை மேல் வைத்தார்.

"எனக்கு டீ வேண்டாம், நர்ஸம்மா. ஆபீஸ் மூடறதுக்குள்ள போகணும்."

"எதுக்கு?"

"இனிமே பறக்க மாட்டேன்னு எழுதிக் கொடுக்க."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பைத்தியமா உங்களுக்கு? அக்கா மனசு ஆறட்டும்னு சொன்ன ஒரு வார்த்தை. ஆறுதலுக்குச் சொன்னதுக்குப் போய் யாராவது வேலையை விடுவாங்களா?"

"ஆறுதலுக்குச் சொல்லியிருந்தா நாளைக்கும் பறப்பேன்" என்றார். "நெஜமாவே போயிருப்பேன். உங்களையும் பின்னால உக்கார வெச்சுக்கிட்டுப் போயிருப்பேன்."

என் வீட்டில் இரண்டு பிள்ளைகள். அது அவருக்குத் தெரியும். அவர் முற்றத்தைக் கடந்து ஆபீஸ் பக்கம் நடந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். போகாதீர்கள் என்று மட்டும் நான் சொல்லவில்லை.