நஜாத் மாற்றாத எண்

நஜாத் கம்மூனின் பிடிவாதம் துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் பல்கலைக்கழகத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆலிவ் ஆலையின் கறுப்புக் கழிவுநீரைக் காற்றுப் புகாத தொட்டியில் அடைத்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று எரிவாயு தரும். எந்த உயிர் எதை எவ்வளவு வேகமாகத் தின்னும் என்று கணினியில் கணக்குப் போடுவதே அவள் வாழ்க்கையாகிப் போனது. கல்யாண வீட்டிலும் அதே பேச்சுதான். எதிரே இருப்பவர் சாப்பிடுகிறாரே என்றுகூடப் பார்க்க மாட்டாள்.

அந்த வருஷம் விளைச்சல் அமோகம். அவளை நம்பித் தொட்டி கட்டிய ஆலைக்காரர் ஹாஜி அம்மாரின் முற்றத்தில் காய் மூட்டைகள் மலையாகக் குவிந்தன. அந்த நேரம் பார்த்துத் தொட்டி படுத்துவிட்டது. வாயு பெருகும் என்றது அவள் கணக்கு; தொட்டியோ புளித்துக் கிடந்தது.

"இந்த வாரமும் இப்படியே இருந்தா தொட்டிய இடிச்சுப் போட்டுட்டு, கழிவுநீரைப் பழையபடி குட்டையிலயே விட்டுடுவேன், டாக்டரம்மா," என்றார் ஹாஜி.

கூட வேலை பார்க்கும் அனீஸ் வழி சொன்னான். "கணக்குல நுண்ணுயிர் வளர்ச்சி வேகத்தோட எண்ணைக் கொஞ்சம் குறைச்சுப் போடு. வரைபடத்துல நம்ம கணக்குக் கோடு, தொட்டியில அளந்த புள்ளியில போய் உக்காந்துக்கும். நாம எழுதற ஆய்வுக் கட்டுரையாவது தப்பிக்கும்."

"ஏன் குறையணும்? போன வருஷம் நல்லா வளர்ந்ததுங்களுக்கு இப்ப என்ன கேடு?"

"அதுங்ககிட்டயே போய்க் கேளு."

போகத்தான் போனாள், ஆலைக்கு. மூட்டைகளுக்கு நடுவே கால் கடுக்க அலைந்தாள். ஒன்றைப் பிரித்து ஒரு காயைக் கடித்தாள். கசப்போடு உப்பும் கரித்தது. அடுத்த மூட்டையிலும் அதே கரிப்பு.

"ஹாஜி, காயில ஏன் இவ்வளவு உப்பு?"

"இந்த வருஷம் அரைக்க வரிசை நீளமாச்சே. அழுகாம இருக்க உப்புத் தூவி வைக்கச் சொன்னேன். காய் தேங்கினா நம்ம ஊர்ல எப்பவும் செய்யறதுதானே?"

நஜாத் தலையில் அடித்துக்கொண்டாள். இதே ஊரில் பிறந்து வளர்ந்தும், கணக்கில் உப்புக்கு இடமே வைக்கவில்லை. வாயு தரும் உயிர்களுக்கு அவ்வளவு உப்பு ஆகாது. அதையும் சேர்த்துப் போட்டதும் கோடு புள்ளிகளோடு ஒட்டிக்கொண்டது. உப்புக் கழிவைத் தனியே நிறுத்தி, தொட்டியில் நல்ல தண்ணீர் கலந்தார்கள். வாயு மெல்லத் திரும்பியது. இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

"நான் சொன்னதைக் கேட்டிருந்தா கட்டுரை அப்பவே வந்திருக்கும்," என்றான் அனீஸ்.

"வந்திருக்கும். உப்பை விட்டுட்டு, அந்த உயிருங்கதான் சோம்பேறின்னு நாம எழுதியிருப்போம். அதைப் படிச்சு ஊர்ல ஒருத்தனும் அப்புறம் தொட்டி கட்டியிருக்க மாட்டான்."