மாமியின் பெட்டியில் இருந்த வாக்கு

அந்தப் பெட்டியின் முகப்பில் மிளகளவு ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அது எரிந்தால் மாமி வீட்டில் யாரும் சேனலை மாற்றக் கூடாது, பெட்டியின் பக்கம் கையை நீட்டக் கூடாது. பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் கரண்டு போனால் மாமி திட்டுகிற திட்டு பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கும்.

போன வாரம் கருங்கல் ஊரில் இருக்கிற என் டிவி கடைக்கு ஒருவர் வந்தார். "அண்ணே, டிவில வாறத ரெக்கார்டு பண்ணுத பெட்டி இப்பவும் உண்டா? எங்க அப்பா கேக்காரு. இந்தக் காலத்துல அத எவன் வாங்குவான்? எல்லாந்தான் போன்ல கெடக்கே" என்று சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த ரிமோட்டை மேசையில் அடித்து வைத்தேன். பாவம், மனிதர் பயந்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதே சொல்லை மாமியிடம் சொன்னவன் நான். என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாமி என் அப்பாவின் தங்கை. இனயம் ஊருக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த முதல் வரிசையில் வீடு. காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, ஆட்டோவில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பாள். மாமா வளைகுடாவில் அரபிக்காரரின் படகில் மீன்பிடிக்கப் போனவர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். முதல் வரவில் அவர் கொண்டுவந்தது ஒரு வீடியோ டெக். அன்றிலிருந்து மாமி பதிவு செய்யத் தொடங்கினாள். ஊர்த் திருவிழாவை உள்ளூர் கேபிள் சேனலில் பத்து நாளும் காட்டுவார்கள். தேர்ப்பவனி, கால்பந்துப் போட்டி, கடல் செய்தி, யாருடைய கல்யாணமோ, எல்லாம் மாமாவுக்காக நாடாவில் ஏறும். ஆண்கள் கடல் கடந்து போன வீடுகளில் எங்கள் கரையில் இது வழக்கமாகவே இருந்தது. மாமா வந்ததும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். இரண்டு வருடத்தையும் ஒரே வாரத்தில் பார்த்து முடிப்பார். "ஏட்டி, அந்தச் சோப்பு வெளம்பரத்த ஓட்டாத, அதையும் போடு" என்பார். தான் இல்லாதபோது ஊரில் என்ன ஓடியதோ அது அத்தனையும் வேண்டும் அவருக்கு.

நாடாக்களின் மேல் மாமி தேதி எழுதமாட்டாள். 'சாளை பெருத்த மாசம்', 'நெத்திலி கிட்டாத வாரம்' என்று மீன் கணக்கில் எழுதி ஒட்டுவாள். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எதைக் கேட்டாலும் நாடாவை ஒரே எட்டில் எடுத்துவிடுவாள். டெக் போய் டிஸ்க் வந்தது. டிஸ்க் போய், பென்டிரைவ் செருகிப் பதிவு செய்கிற கேபிள் பெட்டி வந்தது. மாமா ஒருவழியாக ஊரோடு வந்து சேர்ந்து, சில வருடத்தில் போயும் சேர்ந்தார். மாமி நிறுத்தவில்லை. "இனி ஆருக்கு மாமி இதெல்லாம்?" என்று ஒரு தடவை கேட்டேன். "எனக்குத்தாம்லே. ஏன், எனக்குக் கண்ணு இல்லியா?" என்றாள்.

கடல் எங்கள் கரையைத் தின்னத் தொடங்கிப் பல வருடமாயிற்று. ஒவ்வொரு ஆனி ஆடியிலும் ஓரிரு வீடு போகும். மாமி வீட்டுக்கும் அலைக்கும் நடுவே ஒரு தென்னை மட்டுமே மிச்சம் என்று ஆனபோது, பெரிய அதிகாரி ஒருவர் ஊருக்கு வந்தார். தேவாலய வளாகத்தில் கூட்டம். உள்ளூர் சேனலில் நேரலை. "அடுத்த ஆனி பிறப்பதற்குள் இங்கே தூண்டில் வளைவு நிற்கும், இது என் வாக்கு" என்றார். கடலுக்குள் கல்லடுக்கி, அலையின் வேகத்தை முறிக்கிற தடுப்புக்குத்தான் எங்கள் பக்கம் தூண்டில் வளைவு என்று பெயர். கூட்டம் கைதட்டியது. மாமி கூட்டத்துக்குப் போகவில்லை. வீட்டில் சிவப்பு விளக்குக்குக் காவலிருந்தாள். இரண்டு நாள் கழித்து நான் போனபோது எனக்குப் போட்டுக் காட்டினாள். 'என் வாக்கு' என்ற இடம் வந்ததும் நிறுத்தி, திரும்ப ஓட்டிக் காட்டினாள்.

அதற்குப் பிறகுதான் நான் என் திருப்பணியைச் செய்தேன். கடையில் புதிதாக இறங்கியிருந்த, இணையத்தோடு சேர்கிற டிவியை மாமியின் தலையில் கட்டினேன். கேபிளை வெட்டச் சொன்னேன். பழைய பெட்டியைக் கேபிள்காரரிடம் நானே திருப்பிக் கொடுத்தேன். "அதுல நான் பிடிச்சு வச்சதெல்லாம் என்னாவும் மக்கா?" என்று கேட்டாள். "பென்டிரைவு ஒங்க கையிலதான இருக்கு மாமி. அதும் போக, அந்தச் சேனலுக்காரன் எல்லாத்தையும் நெட்டுல போட்டுருக்கான். இனி எதையும் பிடிச்சு வைக்கவே வேண்டாம்" என்றேன். அந்த வகைப் பெட்டியில் பதிவு செய்தது அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். பூட்டு அப்படி. கடை வைத்திருக்கிறவனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் டிவி விற்கிற நினைப்பு மட்டும்தான் எனக்கு இருந்தது.

சித்திரை முடிந்தும் ஒரு கல் வந்து இறங்கவில்லை. ஊரார் மறுபடி அதிகாரியிடம் போனார்கள். "நான் பரிசீலிப்போம் என்றுதான் சொன்னேன், கூட்டக் குறிப்பேட்டில் பாருங்கள்" என்றார். குறிப்பேட்டில் அப்படித்தான் இருந்தது. நரம்பில்லாத நாக்கு! மாமி எழுந்து, "நீங்க வாக்குன்னு பறஞ்சத நான் பிடிச்சு வச்சிருக்கேன் சாரே" என்றாள். அவர் புன்னகையோடு, "கொண்டு வாங்கம்மா, பார்ப்போம்" என்றாராம்.

நேராக என் கடைக்கு வந்தாள். மீன் கூடையைக்கூட வீட்டில் வைக்கவில்லை. பென்டிரைவைச் செருகினேன். இந்தக் கோப்பைத் திறக்க முடியாது என்று வந்தது. கடையில் இருந்த எல்லா டிவியிலும் செருகினேன், கணினியில் செருகினேன். மண்ணாங்கட்டி. கேபிள்காரரிடம் ஓடினேன். பழைய பெட்டிக்குள் இருந்ததை அழித்து, பூட்டையும் மாற்றி, வேறு ஊரில் வேறு வீட்டில் மாட்டியாயிற்று. கடைசியாகச் சேனலின் பக்கத்தைத் திறந்தேன். 'இந்தக் காட்சி இப்போது இல்லை' என்றது. சேனலுக்குப் போன் செய்தேன். "இடம் பத்தல அண்ணே, பழசெல்லாம் எடுத்தாச்சு" என்றார்கள். யாராவது சொல்லி எடுத்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை. இடம் பற்றவில்லை என்றே வைத்துக்கொள்வோம். சமையல் குறிப்புக்கும் சிரிப்பு நாடகத்துக்கும் இடம் இருந்தது, இருநூறு குடும்பத்துக்குக் கொடுத்த வாக்குக்கு இடம் இல்லை. வயிறு எரியுமா எரியாதா?

மாமி என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு, "நான் ஆயுசு முழுக்கப் பிடிச்சு வச்சேன். நீ ஒத்த நாள்ல களஞ்சிட்டியேலே" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள்.

ஆனியில் தென்னை போயிற்று. ஆடியில் அடுக்களை போயிற்று, அதே வாரத்தில் மிச்ச வீடும். கட்டிலையும் அரிவாள்மணையையும் மாதா படத்தையும் அந்தப் பாழாய்ப்போன டிவியையும் நாங்கள் வெளியே எடுத்துக்கொண்டிருக்கும்போதே சுவர் விரிந்தது. இப்போது மாமி உள்ளே தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். பதிவு கையில் இருந்திருந்தால் கல் வந்திருக்குமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. அந்த மனிதர் அப்படிப் புன்னகைத்திருக்க முடியாது. அதுமட்டும் நிச்சயம்.

இப்போது கடையில் யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். சினிமாவுக்கும் தொடருக்கும் பெட்டி வாங்காதீர்கள், காசு தண்டம். அவை போனால் இன்னொன்று வரும். உங்கள் ஊர் விஷயம் ஓடுகிற சேனலுக்கு வாங்குங்கள். வாங்கும்போது, பிடித்து வைத்தது வேறு பெட்டியில் ஓடுமா என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஓடாது என்றால் கடைக்காரன் முகத்திலேயே திருப்பி எறியுங்கள். அந்தக் கடைக்காரன் நானாக இருந்தாலும் சரி. போன வாரம் வந்தவரிடமும் இதைத்தான் சொன்னேன். "உங்க அப்பா எதப் பிடிச்சு வைக்கக் கேக்காரு?" என்றேன். அவருக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

மாமிக்குக் கேபிளைத் திரும்ப இழுத்துக் கொடுத்தேன். பிடித்தது எதிலும் ஓடுகிற மாதிரி ஒரு பெட்டி தேடி வரவழைத்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள்.

போன மாதம் அதே அதிகாரி, இரண்டாம் வரிசை வீட்டுக்காரர்களைச் சமாதானம் செய்ய வந்தார். அதே வளாகம், அதே சேனலின் நேரலை. இந்த முறை மாமி வீட்டில் பெட்டி தானே பிடிக்கும்படி நேரம் குறித்துவைத்துவிட்டுக் கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவர் மைக்கைப் பிடித்ததும் எழுந்தாள். "சாரே, நீங்க பறயது இப்ப எனக்க வீட்டுப் பெட்டில ஏறிக்கிட்டு கெடக்கு. இந்த மட்டம் அது எங்கயும் ஓடும். இனிப் பறயுங்க, கல்லு எப்ப வரும்?"

அவர் அடுத்திருந்தவரைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். பிறகு கேமராக்காரரிடம் கையைக் காட்டி, "அதைக் கொஞ்சம் அணையுங்க தம்பி, நாம மனசு விட்டுப் பேசலாம்" என்றார்.

"மனசு விட்டுப் பேசினது போதும் சாரே" என்றாள் மாமி. "எனக்க வீடு போயாச்சு."