சரிவில் டெல்ஃபியாவின் எடை

எங்கள் மலையில் கோழிக்குக்கூட ஒரு கால் நெட்டை, ஒரு கால் குட்டை. சரிவிலேயே மேய்ந்து மேய்ந்து அப்படி ஆகிவிட்டது. தோட்டத்தில் உருளைக்கிழங்கைக் கிண்டிவிட்டால் போதும், தானாக உருண்டு வந்து அடுப்படி வாசலில் நிற்கும். சரி, கோழியைப் பற்றிக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். கிழங்கும் வாசல்வரை வராது, வேலிவரைதான். ஆனால் சர்ச்சுக் கல்லறைச் சரிவைப் பற்றி யாரும் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

மேற்கு வர்ஜீனியாவின் இந்தப் பக்கத்தில் செத்தவர்களைக் கால் கிழக்கே நீட்டித்தான் புதைப்பார்கள். கடைசி நாளில் எழுந்து உட்காரும்போது முகத்தில் சூரியன் படவேண்டும். மலையும் கிழக்கே இறங்குவதால், தலைக்கற்கள் சரிவுக்குக் குறுக்கே வரிசை கட்டி நிற்கின்றன. ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டியைச் சரிவில் மேலும் கீழுமாகத்தான் ஓட்டவேண்டும், குறுக்கே போனால் கவிழும் என்று வண்டியோடு வந்த புத்தகம் சொல்கிறது. "அந்தப் புத்தகத்தை எழுதுனவன் இந்த மலையில யாரையும் பொதைச்சதில்ல," என்பார் ஹோபர்ட் காட்ரில். முப்பத்தொரு வருஷமாக அந்தப் புல்லை வெட்டியவர். குறுக்கேதான் ஓட்டுவார்.

அதற்கு அவர் வைத்திருந்த வித்தை, மனைவி டெல்ஃபியா. வண்டியின் மேட்டுப்பக்கப் படியில் ஏறி, இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் கனத்தில் வண்டி கவிழாது. இருநூற்று முப்பது பவுண்டு.

"கடவுள் பாத்துப் பாத்து எடை போட்டு அனுப்பியிருக்காரு ஒன்ன."

"வாயை மூடிக்கிட்டு ரோட்டப் பாரு, கிழவா."

போன குளிர்காலத்தில் டாக்டர் சர்க்கரை என்றார். டெல்ஃபியா சோள ரொட்டியை விட்டாள், பன்றிக்கொழுப்பில் பொரித்ததை விட்டாள், மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுட்ட இனிப்பைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மரம் துளிர்ப்பதற்குள் அறுபது பவுண்டு இறங்கிவிட்டது. சர்ச்சில் எல்லோரும் கைதட்டினார்கள். வண்டியை ஒருத்தரும் நினைக்கவில்லை.

மே மாதத்தின் கடைசி ஞாயிறு, ஊர் மொத்தமும் கல்லறைகளுக்குப் பூ வைக்க வரும். முந்தின நாள் காலையில் மழை.

"புல்லு காயட்டும், ஹோபர்ட்டு."

"நாளைக்கு ஒங்க அக்கா வந்து, அம்மா கல்லறையில புல்லு முழங்கால் ஒசரம்னு ஒப்பாரி வைப்பா. ஏறு, ஏறு."

ஏறினாள்.

மூன்றாவது வரிசையில் ஒரு பழைய குழி உள்வாங்கிக் கிடந்தது. கீழ்ப்பக்கச் சக்கரம் அதில் இறங்கியது. மேட்டுப்பக்கச் சக்கரங்கள் எழும்பின. அவளோடு சேர்ந்தே எழும்பின! ஈரப்புல்லில் வழுக்கிப் போன வண்டி, கீழ் வரிசைத் தலைக்கல்லில் முட்டிச் சாய்ந்து நின்றது. ஹோபர்ட் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். அப்புறம்தான் தெரிந்தது, அவருடைய இடது பூட்ஸ் வண்டிக்கும் கல்லுக்கும் நடுவில் சிக்கியிருப்பது.

அது அவர்களுடைய கல். காட்ரில் என்று மேலே. கீழே ஹோபர்ட், டெல்ஃபியா, பிறந்த வருஷங்கள். செத்த வருஷத்துக்கு இடம் விட்டு, பத்து வருஷத்துக்கு முன்பே நட்டுவைத்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் அறுபதடி சரிவு, அடியில் ஓடை.

கல் மெல்ல ஆடியது.

டெல்ஃபியா உடம்பை மேட்டுப்பக்கம் பின்னால் எறிந்து தொங்கினாள். முதுகு புல்லில் உரசியது. கத்திப் பார்த்தாள், அடுத்த வீடு ஒரு மைலுக்கு அந்தப் பக்கம். போன், மேலே சர்ச்சு வாசலில் அவர்கள் நிறுத்தியிருந்த வேனில் கிடந்தது. நாளைக் காலைக்கு முன் இங்கே யாரும் வரப்போவதில்லை. அப்புறம் பூவோடு வருவார்கள்.

"நீ குதிச்சிரு, டெல்ஃபி," என்றார் ஹோபர்ட். "என்னைப் பாக்காத. குதிச்சிரு."

குதித்தால் வண்டி அவரையும் கொண்டு கவிழும். அவள் பிடியை இறுக்கினாள். ஐந்து மாதமாகத் தின்னாமல் விட்ட ஒவ்வொரு ரொட்டியும் கண்முன் வந்து போனது. இரண்டு துண்டு, வெறும் இரண்டு துண்டு கனம் கூட இருந்திருக்கக் கூடாதா? கர்த்தரே, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும், இப்போதே, இடுப்பிலேயே கொடுத்துவிடும் என்று வேண்டினாள்.

கல் இன்னும் ஒரு விரற்கடை சாய்ந்தது.

"கத்தி! பையில கத்தி இருக்குல்ல? பூட்ஸ் கயித்த அறு!"

"கை எட்டல."

"எட்டும். குனி. குனிஞ்சு தொலை!"

அவர் குனிந்ததும் வண்டி முனகியது. அவள் இன்னும் பின்னால் தொங்கினாள், தோள்மூட்டு கழன்றுவிடும்போல. ஒரு கயிறு அறுந்தது. இரண்டாவது. மூன்றாவதில் கத்தி நழுவி விழுந்தது. அவர் அழுதார். அவள் ஒரு கையை விட்டு, அவருடைய கால்சட்டையின் தோள்வார் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, மேட்டுப்பக்கமாகப் பின்னால் விழுந்தாள். பூட்ஸைக் கல்லிடமே விட்டுவிட்டுக் கால் வந்தது. வண்டி கல்லைச் சாய்த்துக்கொண்டு உருண்டது. ஓடையில் அது விழுந்த சத்தம் வர வெகுநேரம் ஆனது.

ஹோபர்ட்டுக்குக் கணுக்கால் உடைந்தது. இப்போது புது வண்டி, அதுவும் மேலே சமதரையில் மட்டும்தான். சரிவில் கையில் பிடிக்கிற புல்வெட்டியோடு, நடந்து, புல் காய்ந்த பிறகு. சாகிற நேரத்திலும் பெண்டாட்டியைக் குதித்துப் பிழைக்கச் சொன்ன ஆம்பிளை இந்த மலையில் வேறு யார் உண்டு!

இதையெல்லாம் நான் எழுதி வாசித்துக் காட்டியபோது டெல்ஃபியா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"குதின்னு அவரு சொல்லவே இல்ல. 'விட்றாத டெல்ஃபி, விட்றாத'ன்னுதான் சொன்னாரு. அதான் நான் விடல."