அக்கா என்று கூப்பிட்ட மகள்

பதினேழு வயதில் பிள்ளை பெற்றவளுக்கு அரசாங்கக் கடிதம் எதுவும் நல்லதாகத் தோன்றாது. இந்தக் கடிதம் அளவுக்கு மீறி மரியாதையாக இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. விதி மாறிவிட்டதாம். மகளுக்கு ஒரு வயது தாண்டியதால் நான் திரும்பப் படிக்க வேண்டும், அவள் குழந்தைகள் காப்பகத்துக்குப் போக வேண்டும். இல்லையென்றால் மாதாமாதம் வரும் உதவிப்பணம் நிற்கும்.

"படிக்கச் சொல்லுறது சாட்டு. பிள்ளையைப் பறிக்க வழி பாக்கினம்," என்றார் அம்மா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அரசாங்கம் பிள்ளையைக் கொண்டுபோன கதை, நோர்வேயில் நாங்கள் இருக்கும் ஹவுகன்ஸ்டுவாவில் வீட்டுக்கு வீடு உண்டு. எது உண்மை, எது புளுகு என்று யாரும் கேட்பதில்லை.

எங்களிடம் மறைக்கவும் ஒன்று இருந்தது. கோயிலிலும் குறொன்லாண்ட் கடைத்தெருவிலும் அம்மா என் மகளைத் தன் கடைக்குட்டி என்றே சொல்லிவைத்திருந்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்; ஒருவரும் நம்பவில்லை என்பது என் எண்ணம். வெளியில் வாய் தவறிவிடக் கூடாதென்று வீட்டிலும் அவள் அம்மம்மாவை அம்மா என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடப் பழக்கினோம். நானும் சேர்ந்துதான் பழக்கினேன்.

காப்பகத்தில் முதல் மூன்று நாளும் தாய் கூடவே இருக்க வேண்டும். அம்மாவும் வந்தார். அங்கே வேலை செய்த நோர்வேஜியப் பெண் ஒருத்தி அடிக்கடி கொப்பியில் ஏதோ எழுதினாள். எழுதும்போது எங்கள் பக்கம் பார்த்தாள். பிள்ளையைப் பறிக்கத்தான் குறிப்பெடுக்கிறாள் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் மகள் விளையாடும்போது விழுந்தாள். அழுதபடி என்னைக் கடந்து ஓடி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண் எழுதினாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். முடிந்தது கதை என்று போனேன். அவளோ கொப்பியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். எத்தனை மணிக்கு நித்திரை, அரை வாழைப்பழம், அவ்வளவுதான். அழுதால் பிள்ளை யாரைத் தேடுவாள் என்று மட்டும் தெரிய வேண்டுமாம்.

"என்னை இல்லை," என்றேன்.

மூன்றாம் நாள் அம்மாவை வீட்டில் நிற்கச் சொன்னேன். மத்தியானம் மகள் நித்திரையால் எழும்பி அழுதாள். நான் தரையில் இருந்துகொண்டு இரண்டு கையையும் நீட்டினேன்.

"இஞ்சை வா செல்லம். நான்தான் உன்ரை அம்மா."

அவள் கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, இரண்டு நாள் மட்டுமே பழகிய அந்தப் பெண்ணின் மடியில் போய் ஏறினாள். அந்தப் பெண்ணைச் சந்தேகிக்க எனக்கு அதற்குமேல் தெம்பில்லை. பொறாமையாக இருந்தது.